சட்டைப்பையில் பீஸ் கட்டை

உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க மொதல்ல, பேச்சுச் சத்தமே இருக்கக் கூடாது. மச்சான், அந்தப் போன கீழ வைங்க. தங்கச்சி, காப்பி அப்பறம் போடலாம், வா, வந்து ஒரு ஓரமா உக்காரு. அண்ணே, மாடிவீட்டு அண்ணே, நீங்க எங்க நழுவுறீங்க? குடும்ப விசயம் நமக்கெதுக்குன்னு பைய எந்திரிக்கிறீங்க பாத்தீங்களா, அதான் கூடாது. நீங்கதான் இன்னைக்கு ஜட்ஜு. அந்தக் கால் ஆடாத சேர்ல உக்காருங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. கொட்டாவி விட்டுக்கலாம். அதுக்கு மட்டும் பெர்மிசன்.

அந்த டீவிய அமத்துங்க மச்சான். யாரு பாக்குறா அத? ஒருத்தி அதுல மூக்கச் சிந்திச் சிந்தி அழுகுறா, இங்க ஒரு ஆளு ஏறிட்டுப் பாக்கல. அவ அழுகுறதுக்கும் நீங்கதான் கரண்டு குடுக்கணும். பாத்ரூம்ல வேற லைட்டு எரியுது. உள்ள யாரும் இல்ல, நான் வரும்போதே கதவத் தட்டிப் பாத்துட்டுத்தான் வந்தேன். கருமம். எச்சில் எலையப் பாத்தாக்கூட எனக்கு அம்புட்டுக் குமட்டாது, ஆளில்லாத எடத்துல எரியிற லைட்டப் பாத்தா குமட்டிக்கிட்டு வருது.

சரி, விசயத்துக்கு வாரேன். அண்ணே, உங்களுக்கு என்னையத் தெரியாது. எம்பேரு செல்லப்பாண்டி. அவனியாபுரத்துல சொந்த வீடு, சின்ன வீடுதான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஓட்டல்ல பரோட்டா மாஸ்டரு. மத்தியானம் கல்லு முன்னாடி போயி நின்னா ராத்திரி கடைய அடைக்கிற வரைக்கும் நின்னபடிதான். இந்தா உக்காந்திருக்காரே காசிமாயன், இவரு என் சம்சாரத்துக்குக் கூடப்பொறந்த அண்ணன். ஓரமா உக்காந்திருக்க தங்கச்சி இவரு சம்சாரம். அந்தா, உள்நடையில சம்மணம் போட்டு மாவ மொண்டு மொண்டு பாக்கெட்டுல ஊத்திக்கிட்டிருக்கே, தலைய நிமிராம, அதுதான் என் சம்சாரம் பஞ்சவர்ணம். கோவிச்சுக்கிட்டு வந்து ரெண்டு மாசமா இங்கயே கெடக்கா. கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். இன்னைக்கு அவ எங்கூட பஸ் ஏறணும், அம்புட்டுத்தான் வழக்கு.

அவ வாயத் தொறக்க மாட்டா. பொறப்பே அப்பிடி. அதனால அவ பக்கத்து நியாயத்தையும் நானே சொல்லிர்றேன். எனக்கு எல்லாரு மாதிரியும் பேச வரும், நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க.

நம்ம ஊரு கரண்டு பில்லு கூத்து உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரீடிங்கு. ஐநூறு யூனிட்டுக்குள்ள இருந்துட்டா ஒரு ரேட்டு, பொழச்சுக்கிரலாம். ஒரு யூனிட்டு தாண்டிருச்சோ, மேல போனதுக்கு மட்டும் இல்ல, கீழ ஓடுனதுக்கும் சேத்து ரேட்டு ஏறிரும். நாலு பரோட்டா தின்னவன் அஞ்சாவது கேட்டதுக்கு, மொதல்ல தின்ன நாலுக்கும் சேத்து வெலையக் கூட்டுனா எப்பிடி இருக்கும்? எங்க ஓட்டல்ல அப்பிடிப் பண்ணுனா எலைய மூஞ்சியில எறிஞ்சுட்டுப் போவான்.

மாசி மாசம் ரீடிங் எடுக்க வந்தாரு ஒருத்தரு. சளி பிடிச்சவரு மாதிரி மூக்கால பேசுவாரு. இப்பிடி கழுத்த நீட்டி மீட்டரப் பாத்தாரு. "ஐந்நூத்தி நாலு." அம்புட்டுத்தான் சொன்னாரு. சார், நாலுதான சார், கண்ண மூடிக்கங்க சார்ன்னேன். "மெசினு கண்ண மூடாதுய்யா." போய்ட்டாரு. அந்த நாலு யூனிட்டுக்காக நான் கட்டுனத நெனச்சா இப்பவும் நாக்கு கசக்குது.

அன்னைக்கு முடிவு பண்ணேன். இந்த வீட்ல கரண்ட தின்னுறது யாருன்னு கண்டுபிடிச்சு அதோட வாயக் கட்டணும்.

வீட்ல என்ன இருக்கு? ஒரு ஃபிரிட்ஜு, ஒரு கிரைண்டரு, ஒரு ஃபேனு, டீவி, ஹீட்டரு. ஹீட்டரு என்னோடது, அதக் கணக்குல சேக்கக் கூடாது. அது தொழிலுக்கு. தலையில இருந்து காலு வரைக்கும் டால்டாவோட வாரேன் அண்ணே. மோந்து பாருங்க, இப்பக்கூட வாடை இருக்கும். கொதிக்கக் கொதிக்க ஊத்துனாத்தான் அந்தப் பிசுக்கு எறங்கும். கெளம்பும்போது ஒருக்கா, வந்ததும் ஒருக்கா. சுவிச்சப் போட்டுட்டு ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சா தண்ணி பதமா இருக்கும். டீவியும் அப்பிடித்தான். கடையில அம்புட்டுச் சத்தத்துல நிக்கிறவன், வீட்ல பேச்சுமூச்சு இல்லைன்னா எனக்குக் கண்ணு மூடாது. அது பாட்டுக்கு ஓடணும், நான் பாட்டுக்குத் தூங்கணும். இதெல்லாம் தேவை. செலவு வேற, தேவை வேற.

மிச்சம் இருக்கிறது பூராவும் இவளோடது. இவ மாவு யாவாரம் பண்றா. காலையில ஆட்டி, ஃபிரிட்ஜுல வச்சு, சாயந்தரம் தெருக்காரங்களுக்கு பாக்கெட் போட்டு விக்கிறது. நல்ல மாவுதான், அதக் குத்தம் சொல்லக் கூடாது. இட்லி பஞ்சு மாதிரி இருக்கும்பாங்க. நான் தின்னதில்ல, எனக்குக் கடையிலயே முடிஞ்சிரும். ஆனா அந்தக் கிரைண்டரு இருக்கே, கர்ர்ர்ர், கட கட கட, கர்ர்ர்ர்னு, ஒவ்வொரு சுத்துக்கும் என் ரத்தத்தையே ஆட்டுற மாதிரி இருக்கும்.

மொதல்ல ஃபேனு. பங்குனி பொறந்துருச்சு. ஃபேன் எதுக்குன்னேன். கைய வீசி வேல பாக்குறவளுக்குக் காத்து தானா வரும்ல. அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. பேசல. சரின்னுதான அர்த்தம்? அண்ணே, உண்மையச் சொல்றேன், வீட்ல வேக்காடே இல்ல. கல்லு முன்னாடி ஒரு மணி நேரம் நின்னு பாருங்க, நெஞ்சு முடியெல்லாம் பொசுங்கும். அங்க இருந்து வீட்டுக்குள்ள நுழைஞ்சா எனக்கு கொடைக்கானல்ல எறங்குன மாதிரி இருக்கு. நான் சும்மா சொல்லல, நடுங்கும். இவ என்னடான்னா தரையில தண்ணியத் தெளிச்சு, சேலைய நனைச்சு மேல போத்திக்கிட்டுப் படுத்துக் கெடந்தா. பாத்தீங்களா, வழி இல்லாமலா போச்சு? மனசு வச்சா ஃபேனே வேணாம்.

பெறகு ஃபிரிட்ஜு. எம்புட்டுத் தடவ தொறப்ப, ஒரு பாக்கெட்டுக்கு ஒரு தடவையான்னு கேட்டு, கதவுக்குப் பிளாஸ்திரி ஒட்டுனேன். அதத் தொறந்தா எனக்குத் தெரியணும்ல. கிரைண்டருக்குப் பதிலா ஆட்டுக்கல்லு ஒண்ணு வாங்கிட்டு வந்து எறக்குனேன். எறக்கவே நாலு பேரு. அம்மியும் ஆட்டுக்கல்லும் இல்லாமத்தான் இந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கு இடுப்பு வலி வருதுன்னு அந்தக் கல்லு வித்தவன் சொன்னான். ஒரு நாளு ஆட்டுனா. மறுநாளு ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சு எம்முன்னாடி நீட்டுனா. கொப்புளம். நான் என் கையக் காட்டுனேன். இந்தா பாரு, மைதா பெசஞ்சு பெசஞ்சு காச்சுப் போயிருக்கு, நான் யாருகிட்ட நீட்டுறதுன்னேன். சிரிப்பான்னு பாத்தேன். சிரிக்கல. இவகிட்ட வேடிக்கையா ஒண்ணு பேச முடியாது அண்ணே.

போனக்கூட நான் கடையிலதான் சார்ஜு போடுறது. டார்ச்சு, எமர்ஜென்சி லைட்டு, தலையில மசாஜு பண்ற மெசினு எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயி கடையிலதான் சொருகுவேன். எங்க முதலாளிக்கு வெத்தல வாயி, எச்சிய ஒதுக்கிட்டுப் பேசுவாரு. "டேய் ஷெல்லப்பாண்டி, இது கழையா, கரண்டு ஆபீஷாழா?" நான் கண்டுக்கவே மாட்டேன். குடும்பம்னா நாலு பேரு ஏசத்தான் செய்வாக.

இம்புட்டு நான் பாடுபடுறேன், ஒரு நாளு சாயந்தரம் மைதா வாங்கப் போற சாக்குல வீட்டுப் பக்கம் ஒரு எட்டு வந்தேன். சன்னல் வழியா எட்டிப் பாக்குறேன். ஃபேன் ஓடுது. உள்ள ஆளில்ல. தரையில துணிய விரிச்சு வெந்தயமோ என்னமோ காயப் போட்டிருக்கா, அதுக்கு ஃபேனு. எனக்கில்லாத ஃபேனு, வெந்தயத்துக்கு. ச்சை, எனக்கு ஒடம்பெல்லாம் அரிச்சுருச்சு அண்ணே. இவ தெருமுக்குல பாக்கெட் குடுக்கப் போயிருந்தா. வந்தவ என்னையப் பாத்து நின்னா. நான் நேரா மீட்டருப் பொட்டிக்கிட்ட போனேன். கீழ பீஸ் கட்டை இருக்கும்ல, வெள்ளப் பீங்கானு, அத ஒரு இழு, வீடு பூரா கரண்டு கட்டு. உருவி சட்டைப்பையில போட்டேன். வேலைக்குப் போய்ட்டேன்.

அதுக்கப்பறம் தெனமும் அதான். மத்தியானம் குளிச்சிட்டுக் கெளம்பும்போது உருவுறது, வந்ததும் சொருகுறது. எம்புட்டு சுலுவு பாருங்க. சண்டை இல்ல, சத்தம் இல்ல. சாவி மாதிரி எங்கூடவே வரும். நெஞ்சுல தட்டிப் பாத்துக்குவேன், டொக்கு டொக்குன்னு கேக்கும், மனசுக்கு அம்புட்டு நிம்மதி.

தெருவே வெளிச்சமா இருக்கும், எங்க வீடு மட்டும் இருட்டா இருக்கும். அதுல என்ன? இவ மெழுகுவத்திய ஏத்தி வச்சு வாசப்படியில உக்காந்து பாக்கெட் விக்கிறா. எதுத்த வீட்ல மெர்சி டீச்சர்னு ஒரு அம்மா. பள்ளிக்கூடத்துலயே மெதுவாத்தான் பேசும், வீட்ல இன்னும் மெதுவா. அது ஒரு நாளு வந்து இவ காதுகிட்ட, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, பில்லு கட்ட முடியலையா? ஈ.பி.காரங்க பீஸப் புடுங்கிட்டுப் போய்ட்டாங்களாக்கா? நான் வேணா இந்த மாசம் கட்டட்டுமா? யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்கா." இது இவ சொல்லி எனக்குத் தெரியாது. டீச்சரே எங்கிட்ட சொன்னது. இவ அதக் கேட்டுட்டு, மெழுகுவத்திய ஊதி அணைச்சுட்டு உள்ள போய்ட்டாளாம். அறிவிருக்கா? ஒருத்தி வலிய வந்து கட்டுறேங்குறா, சரின்னு சொல்லிட்டுப் போவியா. மெழுகுவத்தியும் மிச்சம், பில்லும் மிச்சம்.

சிரிக்காதீங்க அண்ணே. நீங்க ஜட்ஜு.

இப்ப வருது பாருங்க கூத்து. சித்திரையில எங்க தெருவுல ஒரு காதுகுத்து. இட்லிக்கு மாவு பஞ்சவர்ணம்தான் தரணும்னு அந்த வீட்டம்மா ஒத்தக்கால்ல நின்னுருக்கு. இவளுக்குத் தலைகால் புரியல. ரெண்டு மூணு டிரம்மு மாவு. ஆட்டுக்கல்ல வாசல்ல உருட்டிவிட்டுட்டு மொத நாளே கிரைண்டருல ஆட்டுறா. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வாயத் தொறந்து எங்கிட்டச் சொன்னா: "இன்னைக்கு மட்டும் அத எடுக்காதீங்க." அவ கொரலு இப்பிடித்தான் இருக்கும், கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி. நான் யோசிச்சேன். இன்னைக்கு விட்டா நாளைக்கும் கேப்பா. சட்டம்னா எல்லா நாளைக்கும் சட்டம்தான். வந்ததும் சொருகிறப் போறேன், அதுவரைக்கும் ஃபிரிட்ஜு சில்லுனுதான இருக்கும்? உருவிட்டுப் போய்ட்டேன்.

அன்னைக்குக் கடையில எங்க முதலாளி புதுச் சட்டை குடுத்திருந்தாரு, யூனிபாரமாம். பை தொளதொளன்னு தொங்குது. நான் சால்னா அண்டாவுல உப்புப் பாக்கக் குனிஞ்சேன். டொபுக்குன்னு ஒரு சத்தம். எனக்குத் தெரியல. எலும்பு உருண்டுருச்சுன்னு நெனச்சேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு மூணாவது டேபிள்ல ஒரு ஆளு. நல்லா வாட்டசாட்டமா, வெள்ளையும் சொள்ளையுமா. எலையில இருந்து ஒண்ண எடுத்து கையில பிடிச்சு உறிஞ்சுறாரு. இப்பிடி. ச்ச்ச்சுர்ர்ர். திருப்பி வச்சு இந்தப் பக்கம். ச்ச்ச்சுர்ர்ர். பக்கத்துல உள்ளவன் கத்துறான், "மாஸ்டரு, இவருக்கு மட்டும் எம்புட்டுப் பெரிய நல்லி, நமக்கெல்லாம் தண்ணிச் சால்னாவா?" நான் பாக்குறேன். எம்பீஸ் கட்டை. சால்னா சொட்டச் சொட்ட, கொத்தமல்லி எலை ஒட்டிக்கிட்டு, அந்தாளு வாயில. உவ்வே. அவரு கடிச்சும் பாத்துட்டாரு. உள்ள இருந்த கம்பி பல்லுல மாட்டி, நகத்த விட்டு இழுத்து எடுத்துத் தூர எறிஞ்சாரு. "மாஸ்டர், ஆடு என்ன கம்பியத் தின்னுச்சா?" நான் ஓடிப் போயி, அது வேகல சார், வேற தாரேன்னு புடுங்கிட்டு வந்து கழுவி, துண்டுல தொடச்சு, மோந்து பாத்தேன். கரம் மசாலா.

ராத்திரி வந்து சொருகுறேன். எரியல. கம்பிதான் அந்தாளு பல்லோட போச்சே. அந்நேரம் கம்பிக்கு எங்க போக? இவ தூக்கக் கலக்கத்துல எந்திரிச்சு என்னாச்சுன்னு பாத்தா. நான் சட்டுனு, தெருவுக்கே கரண்டு இல்ல, படுன்னேன். வாசல்ல தெருவெளக்கு பளிச்சுனு எரியுது. அதையும் பாத்தா. படுத்துட்டா.

விடிஞ்சு பாருங்க. நான் பரோட்டாவுக்கு மாவு பெசைய ஆரம்பிச்சு இம்புட்டு வருசமாச்சு, அப்பிடி ஒரு மாவப் பாத்ததில்ல. பொங்கி, டிரம்மு மூடியத் தள்ளி, ஃபிரிட்ஜு கதவத் தள்ளி, நான் ஒட்டுன பிளாஸ்திரியையும் இழுத்துக்கிட்டு, வெள்ள வெள்ளையா தரையில ஊருது. பொளபொளன்னு நுரைமுட்டை விடுது. அந்தப் புளிச்ச வாடை, அய்யய்ய, சின்னப்பிள்ளை கக்குன பாலு மாதிரி, ஈ மொய்க்குது, என் காலு வழுக்கி அதுலயே ஒக்காந்துட்டேன். லுங்கியெல்லாம் மாவு. அன்னைக்குக் குளிச்ச குளி போதுமாங்கிறீங்க? கடையில கம்பி வாங்கி மாட்டி, மொத வேலையா ஹீட்டரத்தான் போட்டேன்.

இவ அழுகல. தொடச்சா. கழுவுனா. காதுகுத்து வீட்டுக்கு வெறுங்கையோட போய் நின்னா. அங்க என்ன நடந்துச்சுன்னு மெர்சி டீச்சருதான் சொன்னது, அதுவும் பந்திக்குப் போயிருந்துச்சு. அந்த வீட்டம்மா வெங்கலத் தொண்டை. "ஏத்தா, எலைய போட்டாச்சு, விடிஞ்சு வந்து கைய விரிக்கிறியே, எங்க அண்ணந்தம்பி மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?" சபையில, அம்புட்டுப் பேரு பாக்க. இவ ஒரு வார்த்தை என் பேரச் சொல்லலையாம். கரண்டு, பீஸ் கட்டை, ஒண்ணும் சொல்லல. தப்பு எம்மேலதான்னு சொல்லிட்டு வந்துட்டாளாம்.

நட்டம் ஒண்ணும் இல்ல அண்ணே. அவுக அவசரத்துக்கு எங்க ஓட்டல்லதான் இட்லி ஆர்டர் குடுத்தாக. முதலாளி எனக்குத் தட்டிக் குடுத்தாரு. எப்பிடியோ நம்ம பக்கம்தான வந்துச்சு, இத நான் இவளுக்குச் சொன்னா சந்தோசப்படுவான்னு ஓடியாரேன். வீடு பூட்டிக் கெடக்கு. லோடு ஆட்டோவ வச்சு இங்க வந்துட்டா. எடுத்துட்டுப் போனது என்னா தெரியுமா? புருசன விட்டுட்டுப் போறவ எதத் தூக்குவா? நகைய தூக்குவா. பட்டுச்சேலைய தூக்குவா. இவ கிரைண்டரத் தூக்கிட்டு வந்திருக்கா. என் போட்டோவையாச்சும் எடுத்துருக்கலாம்ல. கல்யாண போட்டோ செவுத்துல அப்பிடியே தொங்குது. ஆட்டுக்கல்ல மட்டும் எனக்கு விட்டுட்டு வந்திருக்கா.

போனா போறா, இனி பில்லு பாதியாயிரும்னு இருந்தேன். இருக்கணும்ல? கிரைண்டரு இல்ல, ஃபிரிட்ஜு காலி, அதுக்குள்ள ஒரு தண்ணி பாட்டில் இருக்கு, அம்புட்டுத்தான். பீஸ் கட்டைய உருவுறது கூட இல்ல. எதுக்கு உருவ? லைட்டெல்லாம் நான் போட்டு வச்சிட்டுத்தான் போறேன், ஹால்ல ஒண்ணு, அடுப்படியில ஒண்ணு, வாசல்ல ஒண்ணு. அது, திரும்பி வரும்போது தெருமுக்குல இருந்து பாத்தா வீடு இருட்டா கெடந்தா என்னமோ மாதிரி இருக்கு அண்ணே. சாவிய எடுக்கவே கை வர மாட்டேங்குது. பயமெல்லாம் இல்ல. பூச்சி பொட்டு இருக்கும்ல, அதுக்குத்தான். டீவியும் போட்டுட்டுப் போறேன். உள்ள யாரோ பேசுற மாதிரி இருக்கும், கதவத் தொறந்து நேரா போயிரலாம். சரி அத விடுங்க, அது எதுக்கு இப்ப.

சித்திரை ரீடிங்கு ஐநூறுக்குள்ள நின்னுருச்சு, நேத்து திரும்ப வந்தாரு ரீடிங் எடுக்குற மூக்கு. கழுத்த நீட்டிப் பாத்தாரு. "ஐந்நூத்தி முப்பது." நான் குறுக்க போயி நின்னேன். சார், வீட்ல பொம்பளையே இல்ல சார். "எத்தன பேரு இருக்கீங்க?" நான் ஒருத்தன்தான் சார். "ஹீட்டரு இருக்கா?" இருக்கு சார், ஆனா நான் மட்டும்தான் போடுறேன். "டீவி?" ஓடும் சார், ஆனா யாரும் பாக்க மாட்டாக. "லைட்டு?" எரியும் சார், நான் வீட்டுல இல்லாதப்ப. அந்தாளு மெசினப் பைக்குள்ள போட்டுட்டு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. "அப்பறம் என்ன மயித்துக்குய்யா எங்கிட்ட கேக்குற?" போய்ட்டாரு. படிச்சு வேலைக்கு வந்திருக்கு, கேட்டதுக்கு ஒரு வெவரம் சொல்லத் தெரியல.

நானே யோசிச்சுக் கண்டுபிடிச்சேன். எவனோ என் மீட்டருல கொக்கி போட்டு இழுக்குறான். பகல்ல ஆளில்லாத வீடுன்னு தெரிஞ்சு போச்சு. அதுக்குத்தான் வந்தேன். வீட்ல ஒரு ஆளு இருந்தா எவனும் வர மாட்டான். இவ சும்மா அங்க உக்காந்தா போதும். மீட்டரப் பாத்துக்கிட்டு.

அண்ணே, நீங்க இருமுறது இருமலா, சிரிப்பா?

மச்சான், உங்க நல்லதுக்கும்தான் சொல்றேன். வாசல்ல வரும்போது உங்க மீட்டரப் பாத்தேன். அந்தச் செவப்பு லைட்டு என்னையப் பாத்து எப்பிடிக் கண்ணடிக்குதுங்கிறீங்க, மினுக்கு மினுக்குன்னு. கிரைண்டரு ஓட்டம், ஃபிரிட்ஜு ஓட்டம், எல்லாம் உங்க தலையில. கூடப்பொறந்தவள வெளிய போன்னு சொல்ல முடியாம பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கீங்க. எனக்குத் தெரியும். என்ன தங்கச்சி தலைய ஆட்டுற? இல்லங்கிறியா? எங்கிட்ட மறைக்காதத்தா. நாத்தனா வந்து உக்காந்துக்கிட்டு கரண்டக் குடிச்சா எந்தப் பொம்பளைக்குத்தான் பத்திக்கிட்டு வராது. என்ன ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறீங்க?

சரி, பேச்ச முடிச்சுக்கிறேன். கோர்ட்டுல கூட ஒரு சமாதானம் உண்டு. நான் எறங்கி வாரேன். அண்ணே, நீங்க சாட்சி.

பஞ்சவர்ணம், கரண்டிய கீழ வச்சிட்டுக் கேளு. ஆட்டுக்கல்ல வித்துர்றேன். வாங்குன வெலைக்குப் போகாது, பரவாயில்ல, அந்தக் கல்லு மூஞ்சியப் பாத்தாலே எனக்கும் எரிச்சலாத்தான் இருக்கு. பீஸ் கட்டைய உருவ மாட்டேன். மெழுகுவத்தி வேணாம். கிரைண்டர நானே தோள்ல வச்சுத் தூக்கியாரேன், ஆட்டோ கூட வேணாம். ஃபிரிட்ஜு பிளாஸ்திரி அன்னைக்கே மாவோட போயிருச்சு, புதுசா ஒட்டல. கடையில இருந்து தெனமும் ரெண்டு முட்டப் பரோட்டா கொண்டாரேன். இல்ல, நீ ஆட்டுன மாவுல நானும் இட்லி தின்னு பாக்குறேன், ஊரே திங்குதாம்ல.

இன்னும் என்னா? ஃபேனா? அதையும் சொல்லிர்றேன், எல்லாரும் கேட்டுக்கங்க. ஃபேன் போட்டுக்க. பகல்லயும் போட்டுக்க. வெந்தயத்துக்குக்கூடப் போட்டுக்க, நான் வாயே தொறக்க மாட்டேன். ஸ்பீடு ரெண்டுல வச்சுக்க. ஒண்ணுல இல்ல, ரெண்டுல. இதுக்கு மேல எந்தப் புருசன் எறங்கி வருவான், சொல்லுங்க அண்ணே.

எந்திரி. மொகத்தக் கழுவிட்டு வா, பஸ்ஸு கூட்டமாயிரும்.

அந்தா பாருங்க, உதடு அசையுது. மச்சான், கம்முனு இருங்க, அவ பேசப் போறா. சொல்லு பஞ்சவர்ணம், கெணத்துக்குள்ள இருந்து பேசாத, சத்தமாச் சொல்லு, ஜட்ஜையா காதுல விழட்டும்.

"இங்க ஃபேனு அஞ்சுல ஓடுது. பில்ல நான்தான் கட்டுறேன்."